திரைக்குப் பின்னால் ஒரு பகல் சாப்பாடு

கடந்த தவணை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. உம்மா மாதாமாதம் கட்டிவந்த சீட்டு அந்த வாரம் அவருக்கு விழுந்திருந்தது. வீட்டிலிருந்தபடியே அபாயா தைத்துச் சேர்த்த காசு அது. தம்பிக்குச் சப்பாத்து, மூத்தம்மாவுக்குக் கண்ணாடி, எனக்கு மேலதிக வகுப்புக் கட்டணம் என்று எல்லாவற்றையும் பிரித்து வைத்த பிறகு, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு உம்மா சொன்னார்:

"ஒரு நாளைக்காவது புகையில்லாம இருந்து சாப்பிடுவமே."

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நாங்கள் ஐந்து பேரும் புதிதாகத் திறந்திருந்த ஒரு பார்பிக்யூ கடைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போனோம். அங்கே கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்து சாப்பிடக் கிடைத்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருக்கு இழுப்பு இருக்கிறது. 2022இல் நாட்டில் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் வெறும் சிலிண்டர் ஒரு மூலையில் கிடக்க, விறகடுப்பு திரும்பி வந்தது. உம்மா சமைத்து முடித்துவிட்டுப் பின்வாசற் படியில் வந்து குந்தி மூச்சு வாங்குவதை அந்த மாதங்களில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எரிவாயு திரும்பி வந்துவிட்டது. உம்மாவின் கைப்பைக்குள் வந்து சேர்ந்த பம்ப் மட்டும் திரும்பிப் போகவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. சமையலுக்கு விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் காற்று மாசடைந்து, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது. அடுப்பருகே அதிக நேரம் நிற்பவர்கள் பெண்கள். அவர்களைச் சுற்றி நிற்பவர்கள் பிள்ளைகள். ஆகவே புகை யாரை முதலில் பிடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கல்முனைப் பக்கமிருந்து அக்கரைப்பற்று நோக்கிப் போகும் பிரதான வீதியில் இருக்கும் ஊர்களில் இப்போது கரியில் சுட்ட கோழிதான் பேச்சு. கொத்துக்கும் புரியாணிக்கும் இருந்த இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு வருகிறது. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துத் திரும்பியவர்கள் கொண்டு வந்த ருசி அது. 'பஹம்' என்றால் அறபியில் கரி. கடைப் பலகைகளில் 'அல்பஹம்' என்று எழுதியிருப்பது கரியில் சுட்டதைத்தான். பார்பிக்யூ என்ற சொல் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்கள் இறைச்சி சுடுவதற்குக் கம்புகளால் கட்டிய பரணின் பெயரை ஸ்பானியர்கள் கேட்டுக்கொண்டு போய் உலகமெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

சொல் எங்கிருந்து வந்தாலும், நெருப்பில் வாட்டிய இறைச்சியை விருந்தாளிக்கு முன்னால் வைப்பது நமக்குப் புதிதல்ல. இப்றாஹீம் நபி (அலை) அவர்களிடம் விருந்தாளிகள் வந்தபோது சுட்ட கன்றைக் கொண்டுவந்து வைத்ததை ஸூரா ஹூத் சொல்கிறது. அந்தச் சம்பவத்தில் அவர்களின் மனைவியும் அங்கே நின்றிருந்தார். பிள்ளை பற்றிய நற்செய்தி அவருக்கே சொல்லப்பட்டது. ஓதும்போது பல தடவை கடந்து போன இந்த விபரம், அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் என் மனதில் நின்றது.

கடையின் வாசலில் பெரிய பலகை. கோழி, மீன், மாட்டிறைச்சிப் படங்களுக்குக் கீழே, 'குடும்பங்களுக்குத் தனியான இட வசதி உண்டு' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வாப்பா இந்தக் கடையைத் தெரிவு செய்தார்.

உள்ளே போனதும் இடது பக்கத்தில் அடுப்பு. நீளமான இரும்புத் தொட்டியில் சிரட்டைக்கரி தணலாகக் கிடந்தது. நடுவால் பிளந்து விரித்த கோழிகளை இரண்டு கம்பி வலைகளுக்கு இடையில் வைத்து ஒருவர் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் தட்டி, மறு கையில் இடுக்கி. கோழியின் நெய் தணலில் சொட்டும்போதெல்லாம் குப்பென்று புகை எழுந்தது. சுட்ட இறைச்சிக்கு அந்த மணத்தைத் தருவதில் இந்தப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது, அந்தச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் காசு அல்ல என்று தோன்றியது.

முன்பக்கத்தில் ஏழெட்டு மேசைகள். மேலே மின்விசிறிகள். வீதிப்பக்கம் முழுவதும் திறந்திருந்ததால் கடற்காற்று தாராளமாக வந்தது. அங்கே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நாங்கள் வாசலில் நின்றதைக் கண்டதும் ஒரு பையன் ஓடி வந்தான்.

"ஃபெமிலியா? மேல போங்க."

மேலே போகும் படி, அடுப்புக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. ஒடுக்கமான படி. மூத்தம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய மலை. நான் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, வாப்பா முன்னாலிருந்து கை கொடுத்தார். மேலே பலகையால் அடைத்த நான்கு சிறிய அறைகள். ஒவ்வொன்றுக்கும் தடித்த திரை. உள்ளே ஒரு மேசை, ஆறு கதிரை, சுவரில் ஒரு சின்ன விசிறி. யன்னல் இல்லை.

புகை மேலே போகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கீழே அடுப்பிலிருந்து எழுந்த புகையில் ஒரு பங்கு புகைக்கூண்டால் போனது. மறு பங்கு எங்களோடு சேர்ந்து படியேறி வந்தது. விசிறி அதை வெளியே அனுப்பவில்லை. ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது.

மூத்தம்மா கதிரையில் இருந்து, முக்காட்டுத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"இதுவும் குசினிதான் புள்ள. கதிரை மட்டும்தான் புதுசு."

எல்லோரும் சிரித்தோம். உம்மாவும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாப்பாடு வந்தது. ஐந்து பேருக்கான பெரிய தட்டு. மஞ்சள் சோற்றுக்கு மேல் ஒரு முழுக் கோழி, பாதிப் பாரை மீன், வெங்காயமும் வெள்ளரியும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெள்ளைப்பூண்டுக் குழம்பு. கலியாண வீட்டுச் சஹனைச் சுற்றி இருப்பதுபோல் சுற்றி இருந்து பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினோம். கோழியின் தோல் ஓரங்களில் மட்டும் கருகி, உள்ளே சாறு வற்றாமல் இருந்தது. மீனில் தேசிக்காயும் மிளகும் அளவாக ஏறியிருந்தன. உண்மையாகவே நல்ல சாப்பாடு.

ஆனால் உம்மா சாப்பிட்டது நாலைந்து வாய்தான். பிறகு பம்பை எடுத்தார். தம்பி எழுந்துபோய்த் திரையை விலக்கிவிட்டான். கொஞ்சம் காற்று வந்தது. அந்த வழியால் போன பரிமாறும் பையன், திரை திறந்திருப்பதைக் கண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு மெதுவாக அதை இழுத்து மூடிவிட்டுப் போனான். தம்பி மறுபடி திறந்தான். பையன் மறுபடி மூடினான். அவன் செய்தது முழுக்க முழுக்க மரியாதைக்காகத்தான். அந்த மரியாதையில் என் உம்மாவுக்கு மூச்சு முட்டியது என்பது அவனுக்குத் தெரியாது.

கை கழுவும் தொட்டி கீழே இருந்தது, ஆண்கள் சாப்பிடும் மேசைகளுக்கு நடுவில். உம்மாவும் மூத்தம்மாவும் குடிக்கக் கொடுத்த போத்தல் தண்ணீரை எலும்பு போடும் பீங்கானில் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டார்கள். அதற்குள் ளுஹருக்கு அதான் சொல்லியாயிற்று. வாப்பாவும் தம்பியும் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு வந்தார்கள். எங்கள் மூவருக்கும் அங்கே தொழ இடமில்லை. அந்த அறையில் மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முஸல்லா விரிக்கவும் முடியாது. வீட்டுக்குப் போய்த் தொழுவோம் என்று அவசரப்பட்டதில் மூத்தம்மா தேநீரும் குடிக்கவில்லை.

கணக்கு வந்தது. உம்மா தன் பையிலிருந்து காசை எண்ணி வாப்பாவின் கையில் கொடுத்தார். வாப்பா அதைக் கீழே கொண்டுபோய்க் கட்டினார். முதலாளி சிரித்த முகத்தோடு வாப்பாவுக்கு நன்றி சொன்னார். அந்தக் காசு யாருடையது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் ஒரு விசயம் விளங்கியது. நாங்கள் காசு கொடுத்தாலும், அவர் கண்ணில் வாடிக்கையாளர் வாப்பாதான். கடையை அமைக்கும்போதும் அவர் மனதில் வந்து இருந்தவர் ஓர் ஆண்தான். காற்று, தண்ணீர், இடம் எல்லாம் அவருக்கு வைத்த பிறகு, மிஞ்சிய இடத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டு அதற்கு 'வசதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை எழுதும்போது நான் எதைக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திரையை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. திரை எங்கள் விருப்பம். முகத்தை மூடும் சகோதரிகளுக்கு அது இல்லாமல் ஒரு வாயும் சாப்பிட முடியாது. என் கேள்வி, திரை இருக்கும் இடத்தில் காற்று ஏன் இருக்கக்கூடாது என்பதுதான். மூத்தம்மா சின்ன வயதில் வளர்ந்த வளவைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்ததாம். வீதியால் போகிறவருக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் வாடைக்காற்றும் கச்சான் காற்றும் தாராளமாக வந்து போகும். அந்த வேலி கண்ணை மறித்தது, காற்றை மறிக்கவில்லை. தென்னோலை பின்னத் தெரிந்த நம் முன்னோருக்கு விளங்கியது, கட்டடம் கட்டும் நமக்கு விளங்காமல் போனது ஏன்?

இது வெறும் அசௌகரியமும் அல்ல. கரி போதிய ஒட்சிசன் இல்லாமல் எரியும்போது காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கள் குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகச் சேர்ந்துகொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று தொடங்கும் அதன் வேலை, அளவு கூடினால் உயிரையும் எடுத்துவிடும். உயர்தர வகுப்பில் நாங்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கும் விசயம் இது. அன்று அந்த அறையில் எவ்வளவு இருந்தது என்று நான் அளக்கவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கரி எரியும் அடுப்புக்கு மேலே யன்னல் இல்லாத அறையில் ஆட்களை இருத்தக்கூடாது என்று சொல்ல அளவுகருவி தேவையில்லை. சிறு குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளிகளும் வயதானவர்களும் வந்து இருப்பது அந்த அறைகளில்தான்.

சில பெற்றோர் கேட்கக்கூடும்: பெண்பிள்ளைகள் கடைக்குப் போய்ச் சாப்பிடாவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சமைப்பது யார்? நாளுக்கு மூன்று வேளை என்றால் வருடத்துக்கு 1,095 வேளை. நோன்பு காலத்தில் வேளை குறைந்தாலும் வேலை கூடுகிறது. இத்தனை வேளையில் ஒன்றே ஒன்றை, இன்னொருவர் சமைத்துத் தர, சுடச்சுட இருந்து சாப்பிட ஓர் உம்மா ஆசைப்பட்டால் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்சல் எடுத்துக்கொண்டு வீட்டிலே சாப்பிடலாமே என்பது அடுத்த கேள்வி. சாப்பிடலாம். ஆனால் பார்சலைப் பிரித்து, பங்கு வைத்து, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிட்டு, பீங்கான்களைக் கழுவி வைப்பதும் உம்மாதான்.

கடைக்காரர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மூத்தம்மாவின் இளமைக் காலத்தில் பெண்கள் கடையில் இருந்து சாப்பிட எந்த ஏற்பாடும் இருக்கவில்லையாம். மட்டக்களப்புக்கு வைத்தியசாலைக்குப் போனால் சோற்றைக் கட்டிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர் வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். அதோடு பார்த்தால், பலகை அடித்த அந்த நான்கு அறைகளும் ஒரு முன்னேற்றம்தான். பெண்களும் வருவார்கள் என்று நினைத்து அவற்றைக் கட்டியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வாருங்கள் என்று பலகை போட்ட பிறகு, வந்தவரை எங்கே இருத்துகிறோம் என்று பார்ப்பதும் விருந்தின் ஒரு பகுதி.

நபி (ஸல்) அவர்களின் அயலவர் ஒருவரைப் பற்றிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர் பாரசீகர். நன்றாகக் குழம்பு காய்ச்சுபவர். ஒரு நாள் குழம்பு காய்ச்சிவிட்டு நபியவர்களை அழைக்க வந்தார். பக்கத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் இருந்தார்கள். இவருக்கும் அழைப்பு உண்டா என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அப்படியானால் தாமும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறுபடி அழைத்தார். அதே கேள்வி, அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவது தடவை அவர் ஆம் என்று சொன்ன பிறகுதான் இருவரும் எழுந்து அவர் வீட்டுக்குப் போனார்கள்.

இதிலிருந்து சட்டம் எடுப்பது ஆலிம்களின் வேலை. நான் ஒரு மாணவி. எனக்கு இதில் தெரிவது இவ்வளவுதான்: தனக்குக் கிடைத்த அழைப்பில் தன் மனைவிக்கு இடம் இருக்கிறதா என்று நபியவர்கள் வாசலிலேயே கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வாப்பாமாரும் காக்காமாரும் கடை வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டால், எத்தனையோ கடைகளின் அமைப்பு மாறிவிடும்.

அன்று கடைசியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காசைக் கட்டிவிட்டு வாப்பா திரும்பும்போது நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். வாப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு முதலாளியிடம், "சாப்பாடு நல்லம். மேல கொஞ்சம் புகை" என்றார்.

முதலாளி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அப்படியா? இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல்லியே!"

அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சொல்வதில்லை. திரைக்குள் இருந்து இருமிவிட்டு, இறங்கி வந்து, ஆட்டோவில் ஏறிய பிறகுதான் புகையைப் பற்றிப் பேசுவோம். குறையைக் கேட்க வேண்டியவர் அப்போது கடையில் இருப்பார். அதனால் நானே சொன்னேன்:

"காக்கா, நீங்க ஒருக்கா மேல வந்து திரையைப் போட்டுட்டு இருந்து பாருங்க."

வாப்பா என்னைப் பார்த்தார். முதலாளி சிரித்தார். ஆனால் வந்தார். நாங்கள் எழுந்து வந்த அதே அறைக்குள் போய், திரையை இழுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நாங்கள் வெளியே நின்றோம். ஒரு நிமிடம் இருக்கும். உள்ளே இருமல் கேட்டது. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"கட்டினதுக்குப் பொறகு நான் இதுக்குள்ள இருந்ததே இல்ல."

என் கட்டுரையில் சொல்ல வந்ததை அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். பெண்களுக்கென்று இடம் அமைப்பவர்கள் அந்த இடத்தில் இருந்து பார்ப்பதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இருந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே குடும்ப அறை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியிடமும் நான் கேட்பது மிகச் சிறிய விசயம். ஒரு சனிக்கிழமை பகல், அடுப்பு எரியும் நேரத்தில், உங்கள் உம்மாவோடு அந்த அறைக்குள் போய், திரையைப் போட்டுக்கொண்டு ஒரு வேளை சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுங்கள். ளுஹர் தொழ இடம் தேடுங்கள். அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது. உயரத்தில் ஒரு யன்னல், புகையை வெளியே தள்ளும் ஒரு விசிறி, மேலேயே ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு பேர் நின்று தொழ ஒரு பாயளவு இடம். குழாய் வைக்க வழியில்லையென்றால், விருந்து வீடுகளில் செய்வதுபோல் ஒரு பாத்திரமும் ஒரு கேத்தல் தண்ணீரும் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே கை கழுவ வைக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

கடைக்காரரைச் சொல்லிவிட்டு வீட்டைச் சொல்லாமல் விட்டால் அது நீதியல்ல. அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது மூத்தம்மாவின் பேச்சுத்தான் என் காதில் இருந்தது. இதுவும் குசினிதான். வீட்டுக்கு வந்து எங்கள் குசினியைப் பார்த்தேன். முன் மண்டபத்தில் இரண்டு மின்விசிறி, நான்கு யன்னல். அதில் நாங்கள் இருப்பது விருந்தாளி வரும்போது மட்டும். உம்மா நாளில் ஐந்தாறு மணித்தியாலம் நிற்கும் குசினியில் விசிறி இல்லை. இருக்கும் ஒரு யன்னலையும், தட்டு அடிப்பதற்காகப் பலகை வைத்துப் பாதி மறைத்திருந்தோம். அந்தத் தட்டில் இருப்பவை என் பழைய புத்தகங்கள். நானும் அந்தக் குசினிக்குள் நின்று பார்க்காதவள்தான். தண்ணீர் எடுக்கப் போவேன், வருவேன். அவ்வளவுதான்.

அன்று மாலை வாப்பாவிடம் சொன்னேன். உம்மா இரவுக்கு மீன் பொரிக்கும்போது வாப்பா ஒரு கதிரையைக் கொண்டுபோய்க் குசினி மூலையில் போட்டுக்கொண்டு இருந்தார். "இதென்ன புதினம்" என்று உம்மா வெட்கப்பட்டார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. மீன் பொரித்து முடியும் வரைக்கும் இருந்தார். மறுநாள் தட்டைக் கழற்றினோம். என் புத்தகங்கள் இப்போது கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. புகை தள்ளும் விசிறி அடுத்த மாதம் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். உம்மாவின் இழுப்பு இதனால் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வைத்தியர் இருக்கிறார். ஆனால் பின்வாசற் படியில் வந்து குந்துவது குறைந்திருக்கிறது.

போன கிழமை மாமி வீட்டார் வந்திருந்தபோது, எல்லோரும் சேர்ந்து வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று பேச்சு வந்தது. இந்த முறை வேறொரு கடை. வாப்பா தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தினார். உம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, ஃபெமிலி ரூமுக்குள்ள யன்னல் இருக்கா? காத்து வருமா? கை கழுவ உள்ளுக்கே இடமிருக்கா?"

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தக் குரல் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"ஒரு நிமிசம் இருங்க லாத்தா. நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றன்."